பூதம் பார்க்கிறது, பாவை எங்கே?

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில் இன்று நாம் காண்பது மணலும் அலையும் மீனவர் படகுகளுந்தாம். எழுநிலை மாடங்கள் எங்கே? பன்னாட்டு வணிகர் கலந்து உலவிய பாக்கங்கள் எங்கே? கடல் கொண்டது என்கிறார்கள். கொண்டிருக்கட்டும்! கடல் கொள்ள முடியாத செல்வம் ஒன்றை அந்நகரம் நமக்கு விட்டுச் சென்றிருக்கிறது. நீதி எவ்வாறு நடக்க வேண்டும் என்று அந்நகரத்தார் எண்ணிய எண்ணந்தான் அது. அதனைச் சிலப்பதிகாரம் நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

புகார் நகரில் ஐந்து மன்றங்கள் இருந்தன என்று இந்திரவிழாவைப் பாடும் காதையில் இளங்கோ கூறுகிறார். அந்த ஐந்தில் இரண்டை மட்டும் இளைஞர்கள் இன்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். ஒன்று, பூத சதுக்கம். மற்றொன்று, பாவை மன்றம்.

நாற்சந்தியில் நின்றது பூதம். அதன் கையில் பாசக் கயிறு. தவக்கோலத்தில் மறைந்துகொண்டு தவறு இழைப்பவர், மறைவில் ஒழுக்கம் தவறும் பெண்டிர், அரசனுக்குக் குழி பறிக்கும் அமைச்சர், பிறன் மனைவியை நாடுவோர், பொய்ச் சான்று பகர்வோர், புறங்கூறித் திரிவோர் ஆகிய இத்தனை பேரும் தன் கயிற்றில் அகப்படுவர் என்று நான்கு காதத் தொலைவுக்குக் கேட்கும்படி அது முழங்குமாம். அகப்பட்டவரை அடித்துத் தின்றுவிடுமாம். வழக்கு இல்லை, வாதம் இல்லை, மேல்முறையீடு இல்லை. பொய்யுரைத்த ஒருவனைப் பூதம் பிடித்தபோது, அவன் தாயின் துயர் பொறாத கோவலன், "அவனுக்குப் பதிலாக என்னைக் கொள்" என்று வேண்டினான். பூதம் செவி சாய்க்கவில்லை என்று அதே காப்பியம் பிறிதோரிடத்தில் சொல்கிறது.

பாவை மன்றத்தின் பாவையோ வாய் திறவாது. ஆனால் அரசனின் கோல் கோணினாலும், அறம் உரைக்க வேண்டிய அவை ஒருபக்கம் சாய்ந்தாலும், அந்தப் பாவையின் கண்களில் நீர் வடியுமாம்.

பூதமும் பொய், பாவையும் பொய் என்பதைப் பகுத்தறிவாளர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கற்பனைக்குள் இருக்கும் கருத்து பொய்யன்று. மக்களைக் கண்காணிக்க ஒன்று வேண்டுமென்றால், ஆள்வோரைக் கண்காணிக்கவும் ஒன்று வேண்டும். பூதத்தை நிறுத்திய ஊர் பாவையையும் நிறுத்தியது. இதுதான் புகார் நமக்கு விட்டுச் சென்ற பாடம்.

இன்று பூதம் மெய்யாகவே வந்துவிட்டது. அது நாற்சந்தியில் நிற்கவில்லை; வானில் பறக்கிறது. பாசக் கயிற்றுக்குப் பதிலாகக் கேமராவைச் சுமக்கிறது. முழங்குவதில்லை, மெல்ல ரீங்காரமிடுகிறது. ட்ரோன் என்று ஊரார் அழைக்கும் ஆளில்லா வானூர்திதான் அது. 2023 ஜூன் திங்களில் சென்னை அடையாறில், ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் ரூபாய்ச் செலவில், ஒன்பது வானூர்திகளோடு காவல் துறைக்கெனத் தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டு அரசு ஆளில்லா வானூர்திகளுக்கென்றே ஒரு கழகத்தை 2022ல் நிறுவியது. அறிவியல் வளர்ச்சியை வெறுப்பவர் அல்லர் நாம். வெள்ளத்தில் கூரைமேல் தவிப்பவரைத் தேடவும், கடலில் திசை தவறிய மீனவரைக் கண்டறியவும், கூட்ட நெரிசலில் குழந்தை மிதிபடாமல் தடுக்கவும் இந்த வானூர்தி பயன்படுமானால், வாழ்த்தி வரவேற்போம். கருவியின்மேல் நமக்குக் காய்ச்சல் இல்லை. நம் கேள்வி வேறு: பூதம் பார்க்கிறது, சரி, பாவை எங்கே?

"குற்றமற்றவனுக்கு அச்சம் ஏன்?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியது வரலாறு ஒன்றுதான். ஆகவே அதனைப் புரட்டுவோம்.

வெள்ளையன் 1871ல் குற்றப்பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தான். 1911ல் வந்த புதிய சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்திலும் கால் வைத்தது. ஒருவன் என்ன செய்தான் என்று அச்சட்டம் கேட்கவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தான் என்று கேட்டது. கைரேகையைப் பதிவு செய்தது. இரவில் வீட்டில் உறங்க விடாமல் காவல் நிலையத்துக்கு வரச் சொன்னது. மனைவி மக்களோடு உறங்கும் உரிமையைக்கூடப் பறித்தது! அதை எதிர்த்த மதுரைச் சீமைப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண் உள்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947லும், நாடு முழுவதும் 1952லும் அச்சட்டம் ஒழிந்தது. அந்தப் பதிவேட்டில் ஏறிய பெயர்களில் எத்தனை குற்றமற்றவர்களின் பெயர்கள்! அவர்களுக்கு அச்சம் ஏன் வந்தது? குற்றம் செய்ததனாலா? இல்லை. கண்காணிக்கும் கண், யாரைப் பார்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதனால் வந்தது.

வெள்ளையன் போனான், கண்காணிப்பு போயிற்றா? வடக்கே உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் இருந்தார். 1941ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல் துறை அவர் பெயருக்கு ஓர் ஏடு திறந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டியது. உறக்கத்திலிருந்து எழுப்பி, வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்தது. அவர் உச்ச நீதிமன்றம் ஏறினார். 1962 டிசம்பர் 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நள்ளிரவில் வீடு புகுவது செல்லாது என்று நீதிபதிகள் கூறினர். ஏன் செல்லாது? காவல் துறை காட்டியது சட்டமன்றம் இயற்றிய சட்டமன்று. துறை தனக்குத்தானே எழுதிக்கொண்ட ஒழுங்குமுறை. குடிமகனின் உரிமையைக் குறைக்க அது போதாது. சரி, ஆனால் வீட்டுக்கு வெளியே மறைந்து நின்று பார்ப்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் தடுக்கவில்லை. அந்தரங்கம் என்ற உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் கூறினர். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய சுப்பாராவ் அவர்கள் மாறுபட்டார். வேவு பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே மனிதனின் உரிமையைக் குலைக்கிறது. அந்த ஒழுங்குமுறை முழுவதுமே செல்லாது என்பது அவர் முடிவு. அவரோடு நீதிபதி ஷா உடன்பட்டார். ஆறு பேரில் இரண்டு பேர்!

ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 1962ன் பெரும்பான்மைக் கருத்து வீழ்ந்தது. சிறுபான்மைக் கருத்து வென்றது. அரசு அந்த உரிமையில் தலையிட வேண்டுமானால் மூன்று படிகள் ஏற வேண்டும் என்பதும் அத்தீர்ப்பிலிருந்து பிறந்தது. சட்டம் ஒன்று இருக்க வேண்டும். நோக்கம் நேர்மையானதாக இருக்க வேண்டும். கையாளும் வழி அந்த நோக்கத்துக்கு மிகாமல் அளவோடு இருக்க வேண்டும். முதற்படியே சட்டந்தான் என்பதை மறவாதீர்கள்.

இனி ஆளில்லா வானூர்திக்கு வருவோம். அதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2021 ஆகஸ்டு 25ஆம் நாள் ஒன்றிய அரசு ட்ரோன் விதிகளை வெளியிட்டது. எடை கண்டு வகை பிரித்தது. 250 கிராம் வரை ஒரு வகை, 2 கிலோ வரை ஒரு வகை, 25 கிலோ வரை ஒரு வகை என்று மேலும் மேலும் சென்றது. வானைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறமாகப் பகுத்தது. பச்சை வானில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இன்றிப் பறக்கலாம் என்றது. ஓட்டுபவர்க்குப் பயிற்சிச் சான்று, ஊர்திக்கு அடையாள எண், மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். தரைப்படை, கடற்படை, வான்படைக்கு மட்டும் இவ்விதிகள் பொருந்தா என்றது. விலக்குப் பெற்றோர் வரிசையில் காவல் துறையின் பெயர் இல்லை.

எல்லாம் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை. அந்த ஊர்தி எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது? பார்த்ததை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? யாரிடம் காட்டலாம்? தவறாகப் பார்த்தால் பார்க்கப்பட்டவன் யாரிடம் முறையிடலாம்? இந்தக் கேள்விகளுக்கு அவ்விதிகள் விடை தரவில்லை. ஊர்தி கீழே விழாமல் இருக்க விதி உண்டு. உரிமை கீழே விழாமல் இருக்க விதி இல்லை!

அதே விதிகளில் இன்னொன்றும் உண்டு. காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர் ஆணையிட்டு, ஓரிடத்தின் வானத்தை ஒரே நேரத்தில் 96 மணி வரை சிவப்பு வானமாக அறிவிக்க முடியும். அங்கே பிறர் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. பாதுகாப்பு கருதி இது தேவைப்படும் வேளைகள் உண்டு. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஓர் ஊரில் போராட்டம் நடக்கிறது. செய்தியாளரின் கேமரா வானில் ஏற முடியாது. காவல் துறையின் கேமரா மட்டும் ஏறலாம். நாளை நீதிமன்றத்தில் எந்தப் படம் காட்டப்படும்? எந்தப் படம் காணாமற் போகும்?

கற்பனையாகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டா. 2020ஆம் ஆண்டு நம் கண்முன் நடந்ததை நினைவுகூருங்கள். ஊரடங்குக் காலம். ஏப்ரல் திங்களில் திருப்பூரில் மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைக் காவல் துறையின் வானூர்தி துரத்தியது. அவர்கள் கேரம் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தக் காட்சி சிரிப்பூட்டும் பின்னணியோடு நாடெங்கும் பரவியது. நாமும் சிரித்தோம். முகம் காட்டப்பட்ட அந்த இளைஞர்களிடம் இசைவு கேட்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் எது என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இரண்டு திங்கள் சென்றன. ஜூன் 19ஆம் நாள், சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்தார்கள் என்று தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சில நாள்களில் இருவரும் மாண்டனர். அந்த நிலையத்திலும் கேமரா இருந்தது. விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டதென்ன? படங்களைச் சேர்த்து வைக்கக் கருவியில் இடம் நிறைய இருந்தும், அன்றன்றைய படம் தானாகவே அழிந்துபோகும்படி அமைக்கப்பட்டிருந்தது!

மரத்தடியில் ஆடியவனைப் பார்த்த கண், காவல் நிலையத்துக்குள் குருடாயிற்று. தெருவில் நடந்தது நாடெங்கும் பரவியது. நிலையத்தில் நடந்தது அன்றே அழிந்தது. பூதம் மட்டும் இருந்து பாவை இல்லாத நாடு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஒலியோடு கூடிய கேமரா பொருத்த வேண்டும். படங்களை 18 திங்கள் வரை காக்க வேண்டும். அது இயலாவிடினும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்றது. இதுதான் பாவை. ஆள்வோரின் பக்கம் திரும்பிய கண் இதுதான். தரையில் ஒரு பாவை வந்துவிட்டது. வானத்தில்தான் இன்னும் வரவில்லை.

வேறு நாடுகள் என்ன செய்தன? பூம்புகாருக்குத் தெற்கே, தொலைவில் இல்லை காரைக்கால். 1954 வரை அதனைக் கையில் வைத்திருந்த பிரான்ஸ் நாட்டைப் பாருங்கள். திருப்பூரில் வானூர்தி துரத்திய அதே 2020ல், பாரிசிலும் காவல் துறை ஊரடங்கை மேற்பார்க்க வானூர்தி விட்டது. உரிமைக்காக உழைக்கும் இரண்டு அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. மே 18ஆம் நாள், அந்நாட்டின் உயர் நிருவாக நீதிமன்றம், விதிமுறை ஏதுமின்றி மனிதர்களை அடையாளம் காணும்படி பறப்பதை உடனே நிறுத்து என்று ஆணையிட்டது. அரசு சட்டம் கொண்டுவந்தது. அதில் போதிய காப்பு இல்லை என்று 2021 மே 20ஆம் நாள் அரசியல் சட்ட மன்றம் அப்பகுதியை வெட்டி எறிந்தது. 2022 ஜனவரியில் திருத்திய சட்டம் வந்தது. ஒலியைப் பதியக் கூடாது. முகம் அறியும் பொறியை இணைக்கக் கூடாது. வீட்டின் உட்புறத்தைப் படம் பிடிக்கக் கூடாது. வழக்குக்குத் தேவையற்ற படத்தை ஏழு நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. பாரிசில் வானூர்தி ஒழிந்துவிடவில்லை. ஆனால் அதன் கழுத்தில் சட்டத்தின் கயிறு ஏறியது.

அமெரிக்காவைப் பாருங்கள். புளோரிடா மாநிலத்தில் காவல் துறை 400 அடி உயரத்தில் ஹெலிகாப்டரில் பறந்து ஒருவர் வீட்டுக் கொல்லையைப் பார்த்தது. நீதிமன்ற ஆணை வேண்டியதில்லை என்று 1989ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அதே புளோரிடாவின் சட்டமன்றம் 2013ல் என்ன செய்தது? காவல் துறை ஆளில்லா வானூர்தியால் சான்று திரட்ட வேண்டுமானால், உயிர் காக்கும் அவசரம் போன்ற சில வேளைகள் நீங்கலாக, நீதிபதியின் ஆணை பெற வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நீதிமன்றம் கொடுக்க மறுத்ததைச் சட்டமன்றம் கொடுத்தது!

இந்த இடத்தில் நம் நாட்டு நிலையை ஒப்பிடுங்கள். ஒரு காவல் அதிகாரி நம் வீட்டுக்குள் நுழைந்து தேட வேண்டுமானால், நீதிமன்ற ஆணை வேண்டும். அவசரமானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். தேடுவதைப் படம் பிடிக்கவும் வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. தஞ்சைத் தரணியின் பழைய வீடுகளில் முற்றத்துக்குக் கூரை கிடையாது. கொல்லையில்தான் பெண்கள் துணி உலர்த்துவார்கள், குளிப்பதும் அங்கேதான். வாசல் வழியாக வர ஆணை வேண்டும். வான் வழியாக முற்றத்தைப் பார்க்க எந்த ஆணை வேண்டும்? ட்ரோன் விதிகளில் தேடிப் பாருங்கள். ஒரு வரிகூட இல்லை. மாளிகைக்கு உயர்ந்த கூரை உண்டு. கீற்று மறைப்பில் குளிக்கும் ஏழைப் பெண்ணுக்கு வானமே கூரை. சட்டம் இல்லாத இடத்தில் முதலில் அடிபடுபவர் எப்போதும் எளியவரே.

பார்ப்பதோடு நிற்கிறதா அந்த ஊர்தி? 2024 பிப்ரவரி 13ஆம் நாள், பஞ்சாப், அரியானா எல்லையிலுள்ள ஷம்புவில், தில்லி நோக்கிப் புறப்பட்ட உழவர்கள்மேல் அரியானாக் காவல் துறையின் வானூர்திகள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசின. எங்கள் எல்லைக்குள் உன் ஊர்தி ஏன் வந்தது என்று பஞ்சாப் அதிகாரிகள் கேட்டனர். உழவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டம் விட்டார்கள்! பட்டத்தின் நூலில் வானூர்தியைச் சிக்க வைக்க முயன்றார்கள். ஏர் பிடித்த கை, சட்டம் துணைக்கு வராததால் பட்டம் பிடித்தது. நெல் விளைக்கும் நம் மாவட்டங்களின் உழவருக்கு இச்செய்தி அயலாருடையது அன்று.

இனி ஒரு கேள்வி: இச்சட்டத்தை யார் இயற்ற வேண்டும்? தில்லியா? அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைத் திறந்து பாருங்கள். வானூர்தியும் வான்வழியும் ஒன்றியப் பட்டியலில் இருக்கின்றன. காவல் துறையோ மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஊர்தி எப்படிப் பறக்க வேண்டும் என்பதைத் தில்லி சொல்லட்டும். அதை ஓட்டும் நம் காவல் துறை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்லும் அதிகாரம் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு உண்டு. மாநில உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். உரிமை என்பது கேட்டுப் பெறுவது மட்டுமன்று. கையில் இருப்பதைக் கையாளுவதும் உரிமைதான்.

ஒன்றியம் 2023ல் இயற்றிய தனிநபர் தரவுச் சட்டம் காக்கும் என்று காத்திருப்பதும் வீண். குற்றத்தைத் தடுக்கவும் துப்பறியவும் தரவைக் கையாளுவதற்கு அச்சட்டமே பெருவாயில் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது.

அந்தச் சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? உயிர் காக்கும் அவசரம் தவிர, குறிப்பிட்ட மனிதரையோ வீட்டையோ பார்க்க நீதிமன்ற ஆணை வேண்டும். ஒவ்வொரு பறப்பும் யார் ஆணையால், எதற்காக, எவ்வளவு நேரம் என்று ஏட்டில் ஏற வேண்டும். வழக்குக்கு வேண்டாத படம் குறித்த நாளில் அழிய வேண்டும். காவல் துறையின்மேலேயே புகார் எழுந்தால் அந்தப் படம் அழியவே கூடாது. புகார் கூறியவர்க்குக் கிடைக்கவும் வேண்டும். அமைதியாகக் கூடும் மக்களின் முகங்களைப் பொறியால் எண்ணிப் பெயர் சேர்க்கக் கூடாது. புகைக் குண்டையோ வேறு ஆயுதத்தையோ வானூர்தி சுமக்கக் கூடாது. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் கணக்கு வைக்க வேண்டும். இவற்றுள் காவல் துறைக்குப் பகையானது எது? நேர்மையான காவலரை இச்சட்டம் பொய்ப் புகாரிலிருந்து காக்கவும் செய்யும்.

சட்டம் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். எங்கள் மாவட்டக் காவல் துறையிடம் எத்தனை வானூர்திகள் உள்ளன? எந்த ஆணையின்படி பறக்கின்றன? படங்கள் எத்தனை நாள் வைக்கப்படுகின்றன? இந்த மூன்று கேள்விகளை மயிலாடுதுறையிலிருந்து ஒருவர், நாகையிலிருந்து ஒருவர், தஞ்சையிலிருந்து ஒருவர் எழுதட்டும். விடை வந்தால் அது சான்று. விடை வராவிட்டால் அதுவும் சான்று! அந்தச் சான்றுகளோடு உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரின் வாசலுக்குச் செல்லுங்கள்.

புகாரின் பாவை அழ மட்டுமே அறியும். கோல் கோணிய பிறகு கண்ணீர் வடிக்கும். கோணாமல் தடுக்க அதனால் இயலாது. அது கல், நாம் மனிதர். நமக்கு வாய் உண்டு, வாக்கு உண்டு, சட்டம் இயற்ற ஒரு மன்றமும் உண்டு. வானில் பூதம் ஏறிவிட்டது. தரையில் பாவையை நிறுத்த வேண்டியவர்கள் நாமே!